ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் யாராவது உரத்த குரலில் “டாக்டருக்கு ஒரு காபி சொல்லுங்க” என்றால் காபி வராது, போலீஸ் வரும். நாங்கள் எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எங்கள் டாக்டர் காபி குடிப்பதில்லை. அதனால் அந்த வாக்கியம் தவறிப்போய்க்கூட யார் வாயிலிருந்தும் வராது என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. சிறியதுதான். முன்னால் மருந்துக் கவுண்டர், அடுத்து நோயாளிகள் உட்காரும் ஹால், டாக்டர் அறை, அதற்குப் பின்னால் சில கட்டில்கள் போட்ட வார்டு. டாக்டர் ஏரல் பக்கத்துக்காரர். வயல்காட்டு ஊரில் பிறந்து வந்தாலும் பல வருஷமாகக் கடல்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். நான் அங்கே நர்ஸ்.

என் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் உப்பளத்தில் வேலை. நர்சிங் பட்டம் வாங்கிய அன்று அம்மா அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். நான் திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது என்னை “ஏளா, இங்க வா” என்று கூப்பிட்ட நோயாளிகளிடமெல்லாம் நின்று, “சிஸ்டர்னு கூப்பிடுங்க” என்று சொல்லியிருக்கிறேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் மாற்ற முயலவில்லை.

ஒரு முறை குடித்துவிட்டு வந்த ஒருவன், தன்னைக் காக்க வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, வரவேற்பில் இருந்த பெண்ணின் மேல் ஸ்டூலை எறிந்தான். அவளுக்குத் தோளில் அடி. அதற்குப் பிறகு டாக்டர்கள் சங்கம் நடத்திய ஒருநாள் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கோபத்தில் இருப்பவனுக்கு நேர் எதிரே நிற்காதே, சற்றுச் சாய்ந்து நில். கை எட்டாத தூரத்தில் நில். அவனைத் தொடாதே. ஒருவர் மட்டும் பேச வேண்டும், அதுவும் தணிந்த குரலில். ‘கோபப்படாதீங்க’ என்று சொன்னால் கோபம் கூடும்; அதனால் அதைச் சொல்லாதே. டாக்டர் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும், அது கோழைத்தனம் அல்ல. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவனுக்கும் வாசலுக்கும் நடுவே ஒருநாளும் நிற்காதே. வெளியே போக வழியிருக்கிறது என்று தெரிந்தால் பாதிப்பேர் போய்விடுவார்கள்.

திரும்பி வந்து மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். மருத்துவமனை ஆட்களை அடித்தால் ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது என்ற அறிவிப்பைச் சுவரில் ஒட்டினேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில் உள்ள கடற்கரை ஊர்க்காரர்கள். இருவருக்கும் சங்கு எடுக்கும் தொழில். மூத்தவரை எனக்கு முன்பே தெரியும். சர்க்கரை நோய்க்கு எங்களிடம்தான் மருந்து வாங்குவார். ஊர்க்கமிட்டியில் இருப்பவர், நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழகியவர். என்னைச் சிஸ்டர் என்று முதல் நாளிலிருந்தே கூப்பிட்ட சிலரில் ஒருவர். இளையவருக்கு முப்பதைத் தாண்டாத வயது. அண்ணனும் ஆட்டோக்காரரும் அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். கால்கள் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தன. பின்னால் இளையவரின் மனைவி, இடுப்பில் பால்குடிக் குழந்தையோடு.

இருவரும் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். தலை வாரியிருந்தது. மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்தவர்களைப் போலவே இருந்தார்கள். மொட்டைமாடியில் தோரணம் கட்டும்போது தம்பி கால் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டான் என்று மூத்தவர் சொன்னார். இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல் இருக்கிறது என்றும், கால் மரத்துக்கொண்டே வருகிறது என்றும் இளையவர் சொன்னார். அண்ணனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

டாக்டர் காலைச் சுரண்டிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சரியாகக் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

“இன்னைக்குக் கடலுக்குப் போனானா?”

மூத்தவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “என்ன டாக்டரய்யா, இன்னைக்கு என்ன கிழமை? ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல எவன் கடலுக்குப் போவான்?”

டாக்டர் தலையை ஆட்டினார். கேட்டது தப்பு என்பது போல லேசாகச் சிரிக்கவும் செய்தார். அந்தக் கரையில் வேலை பார்க்கும் எவரும் அப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். மீறிப் போனால் கோயிலுக்கு முன்னால் நிறுத்தித் தண்டம் போடுவார்கள். போன வருஷம் திருட்டுத்தனமாக வலை விட்ட ஒருவனை அப்படி நிறுத்தியதும், அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் போகக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னதும் இந்த மூத்தவர்தான். மருந்து வாங்க வந்தபோது அவரே அதை எங்களிடம் சொல்லியிருக்கிறார். சர்க்கரை எவ்வளவு என்று எங்கள் கருவி காட்டுவதை நாங்கள் எப்படி நம்புவோமோ, அப்படித்தான் அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமையையும் நம்பினோம்.

எக்ஸ்ரேயில் எலும்பு உடைந்திருக்கவில்லை. தண்டுவடத்தில் அடிபட்டிருக்கலாம், ஸ்கேன் பார்க்க வேண்டும், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். மூத்தவர் ஒப்பவில்லை. அங்கே போனால் போலீஸ் வந்து எப்படி விழுந்தான் என்று கேட்கும், ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது அங்கே இருப்பார்கள், காலையில் போகிறோம், ராத்திரிக்கு இங்கேயே வையுங்கள் என்றார். டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் டிரிப் போட்டு, சிறுநீர்க் குழாய் வைத்து, ஆடாமல் அசையாமல் படுக்க வைக்கச் சொன்னார். டிரிப் போட்டது நான்தான். பயப்படாதீர்கள் என்றேன். இளையவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மூத்தவர் தம்பியின் நெற்றியில் கைவைத்து, “பேசாமப் படுலே” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது இளையவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. ஊசி குத்தினால் தெரியவில்லை. பாதத்தை வளைத்தால், வளைக்கிறோமா என்று கேட்டார். திங்கட்கிழமை என்பதால் ஹால் நிறையக் கூட்டம். டாக்டர் மூத்தவரை அறைக்குக் கூப்பிட்டு, இனிமேல் தாமதிக்கக் கூடாது, கால் திரும்பி வரும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது என்று சொன்னார். வராமலே போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

அறைக்குள்ளிருந்து நாற்காலி விழும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது மூத்தவர் டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நேத்து நடந்து வந்தவனை ஒரே ராத்திரியில் முடமாக்கிப் போட்டுவிட்டாயே என்று கத்தினார். உண்மையில் அவர் நடந்து வரவில்லை, இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். அந்த நேரத்தில் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. டாக்டர் பிடியை விடுவித்துக்கொண்டு, மூத்தவர் ஹால் பக்கம் தடுமாறிய சமயத்தில் உள்ளே தாழிட்டுக்கொண்டார். வகுப்பில் சொன்னபடிதான். ஆனால் பூட்டிய கதவைப் பார்த்ததும் மனிதருக்கு வெறி ஏறியது. கதவை உதைத்தார். உதைத்தது போதாமல் நோயாளிகள் உட்காரும் நாற்காலி ஒன்றைத் தூக்கி மருந்துக் கவுண்டர் மேல் வீசினார். கண்ணாடி உடைந்து ஹால் முழுதும் சிதறியது. ஒரு குழந்தை அழத் தொடங்கியது, பிறகு எல்லாக் குழந்தைகளும்.

நான் வரவேற்புப் பெண்ணைப் பார்த்து, டாக்டருக்கு ஒரு காபி சொல்லச் சொன்னேன். அவள் போனை எடுத்தாள். நோயாளிகளைப் பின்பக்க வழியாக வெளியே போகச் சொன்னேன். பாதிப்பேர் போனார்கள். மீதிப்பேர் சுவரோடு ஒட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நான் சாய்ந்து நின்றேன், கை எட்டாத தூரத்தில். “அண்ணே” என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். கொஞ்சம் கழித்து, தம்பிக்கு இப்படி ஆனது எங்களுக்கும் தாங்கவில்லை என்றேன். காலில் செருப்பு இல்லையே, கண்ணாடி குத்திவிடும், இந்தப் பக்கம் வாருங்கள் என்றேன். அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். ரத்தம் வந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கினார். வெளி வாசல் திறந்துதான் இருந்தது. ஒரு நிமிஷம் எல்லாம் அடங்கிவிட்டது என்றே நினைத்தேன். படித்த பாடம் வேலை செய்கிறது என்ற பெருமைகூட அந்த நேரத்தில் எனக்கு வந்தது.

அவர் வாசலுக்குப் போகவில்லை. வார்டுக்குள் போனார். தம்பியின் கையிலிருந்து டிரிப் ஊசியைப் பிடுங்கினார், சிறுநீர்ப் பையைக் கட்டிலிலிருந்து கழற்றி அவர் மடியில் போட்டார். கழுத்துக்கடியில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கினார். இளையவர் வலியில் முனகினார். மனைவி, வேண்டாம் அத்தான், வேண்டாம் அத்தான் என்று மூத்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் தோளால் அவளைத் தள்ளினார்.

வார்டுக்கு ஒரே வாசல். நான் அதில் போய் நின்றேன். அவனுக்கும் வாசலுக்கும் நடுவே ஒருநாளும் நிற்காதே என்பது எனக்கு மறக்கவில்லை. நினைவோடுதான் நின்றேன். தண்டுவடத்தில் அடிபட்டவனை அப்படித் தூக்கினால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

“தள்ளு” என்றார்.

“தூக்கக்கூடாது அண்ணே. அடிபட்ட இடத்துல நரம்பு அறுந்துரும்.”

“அடியும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. தண்ணிக்குள்ள கொண்டுபோய் இறக்குனாத்தான் இவனுக்குக் காலு வரும். படகு நிக்கி. வழிய விடுளா.”

எனக்கு விளங்கவில்லை. நான் நகரவும் இல்லை. அவர் தம்பியைப் பக்கத்துக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து என் கன்னத்தில் அறைந்தார். வாசல் நிலையில் மோதி உட்கார்ந்துவிட்டேன். ஒரு காதில் இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து அதே இடத்தில் நின்றேன். வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. அதைத் துப்பக்கூடாது என்று தோன்றியது. விழுங்கினேன்.

ஹாலில் சுவரோடு நின்றவர்களில் அந்த ஊர்ப் பெண்ணொருத்தி இருந்தாள், நடுவயதுக்காரி. என் அடிபடாத காதில் அவள் குரல் கேட்டது. உரக்கச் சொல்லவில்லை.

“நேத்தா போனீய?”

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

“ஞாயித்துக்கிழமையா போனீய?”

ஒரு பெண்ணை அறைந்தபோது எழாத முணுமுணுப்பு அப்போது எழுந்தது. ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். மூத்தவரின் கைகள் தொங்கின. முகம், அறைந்தவர் முகமாக இல்லை. அறை வாங்கியவர் முகமாக ஆனது. இளையவரின் மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்திருக்கிறார்கள்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று டாக்டரும் கேட்டிருக்கிறார். கதவைத் திறந்துகொண்டு வந்தார். சட்டையில் இரண்டு பித்தான் இல்லை. நேராக மூத்தவரிடம் போய், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை இறங்கினான், எப்போது மேலே வந்தான் என்று வரிசையாகக் கேட்டார். மூத்தவர் வகுப்பில் நிற்கும் பையனைப் போல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இதை நேத்து சாயங்காலம் சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் சங்கு பொறுக்குவார்கள். அப்படி இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த காற்று சோடாவைத் திறந்தது போலக் குமிழிட்டுவிடும். குமிழி தண்டுவடத்தில் அடைத்தால் கால் விழுந்துவிடும். சங்குக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆளைத் திரும்பவும் ஆழத்துக்கு இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவருவது அவர்கள் வைத்தியம். சிலர் அதில் பிழைத்திருக்கிறார்கள், சிலர் தண்ணீருக்குள்ளேயே போயிருக்கிறார்கள். மருத்துவமும் ஏறத்தாழ அதைத்தான் செய்கிறது என்று டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். தண்ணீருக்குப் பதிலாக இரும்பு அறைக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி, ஆக்சிஜன் கொடுப்பார்கள். ஆனால் உடனே செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அதைச் செய்திருக்கலாம். ஊர்க் கரையில் எல்லோரும் கூடியிருந்ததால் மூத்தவரால் படகை எடுத்துத் தன் வைத்தியத்தையும் செய்ய முடியவில்லை, எங்களை எங்கள் வைத்தியத்தைச் செய்யவும் விடவில்லை.

டாக்டர் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். அப்படியொரு அறை இருக்கும் ஆஸ்பத்திரி வடக்கே வெகு தூரத்தில், எங்களுக்குத் தெரியாத நகரத்தில் இருந்தது. போன் பண்ணி இடம் கேட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அதே நேரம் போலீஸும் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாடித் துண்டுகளைப் பூட்சால் ஒதுக்கிக்கொண்டே யாரை அடித்தார்கள் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கன்னம் அதற்குள் வீங்கியிருந்தது. எழுதிக் கொடுத்தால் ஆளைக் கொண்டுபோகிறேன், இல்லாவிட்டால் இல்லை, உங்கள் விருப்பம் என்றார்.

இளையவரின் மனைவி என் கையைப் பிடித்தாள். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றாள். தூத்துக்குடியைத் தாண்டி எங்கும் போனதில்லை, கைக்குழந்தையோடு அந்த ஊரில் யாரிடம் என்ன கேட்பது, தூக்க இறக்க ஆள் வேண்டாமா என்றாள். அத்தானை மட்டும் இப்போது விட்டுவிடுங்கள் என்றாள். டாக்டர் என்னை ஓரமாக அழைத்துத் தணிந்த குரலில் அதையேதான் சொன்னார். முதலில் தம்பியோடு போகட்டும், கேஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பாவம் அந்தப் பையனின் கால்.

பிறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், உப்பளத்தில் தலையிலிருந்த ஓலைப்பெட்டி சாய்ந்து உப்பு சேற்றில் கொட்டிவிட்டது என்று மேஸ்திரி அம்மாவை அறைந்தான். எல்லோரும் நின்று பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மா பெட்டியைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தாள். அந்தப் பிறகு வரவே இல்லை. அவன் சாகும்வரை அம்மா அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள்.

ஆனால் அந்தக் கட்டிலில் கிடந்த கால்கள் மேஸ்திரியுடையவை அல்ல. அதுவும் எனக்குத் தெரியும்.

“எழுதிக் குடுக்கேன்” என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். டாக்டரைப் பார்த்து, “வண்டில நான் போறேன்” என்றேன்.

நின்றுகொண்டே எழுதினேன். எழுத்து கோணவில்லை. மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் தம்பியின் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. காலில் கண்ணாடி குத்திய இடத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டு போயிற்று. வரவேற்புப் பெண்ணிடம், ஸ்டேஷனுக்குப் பஞ்சும் மருந்தும் கொடுத்தனுப்பச் சொன்னேன். சர்க்கரைக்காரர், புண் ஆறாது.

ஆம்புலன்ஸில் இளையவர் படுத்திருக்க, நானும் அவர் மனைவியும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். ஜன்னலில் உப்புக் குவியல்கள் வந்து போயின. ஆக்சிஜன் மாஸ்க் நகராமல் பார்த்துக்கொண்டேன். குழந்தை அழும்போதெல்லாம் அதை நான் வாங்கிக்கொண்டேன்.  நெடுந்தூரம் போன பிறகு இளையவர் மாஸ்க்கை விலக்கினார்.

“அண்ணன எங்க?”

“ஸ்டேஷன்ல.”

“யாரு எழுதிக் குடுத்தா?”

“நான்தான்.”

கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி விலக்கினார்.

“அவன் வரமாட்டேன்னுதான் சிஸ்டர் சொன்னான். நான்தான் கூட்டிட்டுப் போனேன். சனிக்கிழமை பாத்த இடம். சங்கு அப்படிக் கெடக்கு. காத்தும் விழுந்து தண்ணி தெளிஞ்சு நிக்கி. திங்கக்கிழமை வரைக்கும் விட்டா எல்லாப் படகும் வந்துரும். எங்க ஊர்க் கரைய விட்டுட்டு வேற கரையிலருந்து போனோம். ரெண்டாவது தடவை இறங்காதலேன்னு சொன்னான். கேக்கல.”

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. இனிப் பேச வேண்டாம் என்றேன். அவர் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்த நகரத்து ஆஸ்பத்திரியில் லிஃப்ட் எங்கே, பில் போடும் இடம் எங்கே, ரத்தப் பரிசோதனை எந்த மாடி என்று எல்லாம் நான்தான் கேட்டு அலைந்தேன். அங்கிருந்த டாக்டர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இளையவரை உருளை வடிவமான அந்த இரும்பு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சிறிய வட்டக் கண்ணாடி வழியாகத் தலை மட்டும் தெரிந்தது. கடலுக்கடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அதை அங்கே ஏற்றினார்கள். அவர் மனைவி அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு நாளும் அப்படி வைத்தார்கள். ஒருநாள் இடது பெருவிரலில் தொடுவது தெரிகிறது என்றார். எல்லோரும் மகிழ்ந்தோம். அதோடு நின்றுவிட்டது.

ஊரிலிருந்து மனைவியின் தம்பி வந்து சேர்ந்த அன்று நான் கிளம்ப வேண்டியிருந்தது. டாக்டர்கள் என்னிடம் சொன்னதை இளையவரிடம் சொல்லச் சொந்தக்காரர் யாருக்கும் தைரியம் இல்லை. சொல்லியிருக்க வேண்டிய அண்ணன் ஜெயிலில் இருந்தார். அவரே கேட்டார், கால் வருமா சிஸ்டர் என்று. நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு சொன்னேன். கொஞ்சம் உணர்ச்சி வரலாம், நடக்கிற அளவுக்கு வராது என்கிறார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, சரி என்றார்.  பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அந்தச் ‘சரி’ என்னோடு வந்தது.

சில நாள் கழித்து ஊர்க்கமிட்டிக்காரர்கள் மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தட்டில் பழமும் பூவும். என்னிடம் பேசாமல் அப்பாவிடம் பேசினார்கள். மூத்தவரைக் கமிட்டியிலிருந்து நீக்கிவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை போனதற்குத் தண்டமும் போட்டுவிட்டோம் என்றார்கள். அது முடிந்துபோன விஷயம் போலச் சொன்னார்கள். என்னை அடித்ததற்கு, ஜாமீனில் வந்ததும் கோயில் முன்னால் என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பார், அதோடு கேஸை விட்டுவிட வேண்டும் என்றார்கள்.

அம்மா என் பக்கம் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளை கோர்ட்டு வாசலில் நிற்கலாமா என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

கோயில் முன்னால் மன்னிப்புக் கேட்பது உங்கள் ஊர் வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை என்றேன். என்னை அடித்தது கோயில் முன்னால் அல்ல, நான் வேலை பார்க்கும் இடத்தில். கோர்ட்டில் கேட்பார்கள், நடந்ததைச் சொல்லுவேன், கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர், படிக்க வச்சது தப்பு என்று வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார். அப்பா, அது உங்க நெனப்பு அண்ணாச்சி என்றார். அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது இளையவரை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். படுத்தே கிடந்ததில் இடுப்புக்குக் கீழே புண். உள்ளங்கை அகலத்துக்கு. ஆட்டோவிலிருந்து தூக்கி வந்து வாசலோடு நின்றுகொண்டவர் மூத்தவர். ஜாமீனில் வந்திருந்தார். எங்கள் கேட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வார்டு பையனும் வரவேற்புப் பெண்ணும் சேர்ந்து உள்ளே தூக்கி வந்தார்கள். தூக்கத் தெரியாமல் தூக்கியதில் புண் உராய்ந்து கட்டு முழுதும் ரத்தம்.

புண்ணைச் சுத்தம் பண்ணினேன். அவருக்கு வலி தெரியாது. குப்புறப் படுத்தபடியே பேசினார். குரல் மெலிந்திருந்தது.

“சிஸ்டர், உங்கள வாபஸ் வாங்குங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல. அவன் அடிச்சது தப்புதான். ஆனா கக்கூஸுக்குத் தூக்குதது அவன், குளிப்பாட்டுதது அவன். எனக்கு இப்ப காலுன்னா அவன்தான். அவன உள்ள வச்சுட்டாங்கன்னா நான் கெடந்த கெடையிலயே அழுகிருவேன்.”

 பொய்யாக எதையும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். கட்டுப் போட்டு முடித்தேன். புண் இப்படியே போனால் எலும்பு வரை போய்விடும். தூக்குகிறவருக்குத் தூக்கத் தெரிய வேண்டும், புரட்டத் தெரிய வேண்டும்.

டாக்டர் அறைக்குப் போய், மூத்தவரை உள்ளே விட வேண்டும் என்று சொன்னேன்.  உன் இஷ்டம் என்றார்.

கேட்டுக்கு வெளியே மழையில் மூத்தவர் ஆட்டோவின் மறைவில் நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே வாருங்கள் என்றேன். அவர் நகரவில்லை. காது கேட்காதவர் போல நின்றார்.

“உள்ள வாங்க. எப்படித் தூக்கணும்னு காட்டுதேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் நின்றோம். இழுக்கக்கூடாது, தூக்க வேண்டும் என்றேன். விரிப்பைச் சுருட்டிப் பிடிக்கக் காட்டினேன். ஒரு பக்கமாகவே படுக்க விடாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கக் காட்டினேன். அவர் கைகள் என் கைகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தன. முதல் முறை தவறாகச் செய்தார். திரும்பச் செய்யச் சொன்னேன். செய்தார். தம்பி எங்கள் இருவருக்கும் நடுவே கண்ணை மூடிக் கிடந்தார்.

“கேஸ் நடக்கும்” என்றேன்.

“தெரியும் சிஸ்டர்” என்றார்.

அடுத்த மாதம் வாய்தா. என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்தக் கன்னத்துப் பக்கத்துக் காதில் இன்னும் இரைச்சல் இருக்கிறது. அதையும் சொல்லுவேன். அவரை உள்ளே வைத்தால் தம்பியை யார் தூக்குவார்கள் என்று நீதிபதி என்னைக் கேட்க மாட்டார். கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமைதோறும் கட்டு மாற்ற வருகிறார்கள். புண் ஓரங்களில் ஆறுகிறது, நடுவில் ஆறவில்லை.